லயத்து வீடு மட்டும் மரபுடைமை ஆகாதா?



இந்தப் பதிவைச் சற்றுச் சினத்தோடுதான் எழுதுகிறேன். அச்சினத்தில் பெரும்பகுதி என்மீதே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடந்த விடுமுறைக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு கல்விச் சுற்றுலா சென்றோம். காலையில் தாப்பாவிலிருந்து பேருந்து புறப்பட்டது. முதலில் பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகை. பிற்பகலில் ஈப்போ பழைய நகரம். மாணவர்களின் கையில் நான் தயாரித்த பணித்தாள். 'நீ கண்ட மரபுடைமைக் கட்டடங்கள் ஐந்தின் பெயரை எழுதுக' என்பது அதில் முதல் வினா. பிள்ளைகள் ஆர்வத்தோடு எழுதினார்கள். கெல்லி மாளிகை, இரயில் நிலையம், நகர மண்டபம், மணிக்கூண்டு, பங்லிமா சந்து... ஐந்தும் நிறைந்துவிட்டன.

திரும்பும் வழியில், முன்னிருக்கையில் அமர்ந்திருந்த ஒரு மாணவி கேட்டாள்:

"ஐயா, கெல்லி துரை வீட்டப் பாத்தோம். சீன முதலாளிங்க வீட்டையும் பாத்தோம். எங்க பாட்டி இருந்த வீடு மாதிரி ஒன்ன எங்க போயி பாக்கறது?"

"அதெல்லாம் இப்போ இல்லம்மா" என்றேன்.

"ஏன் இல்ல?"

பேருந்து கம்பாரைத் தாண்டியது. நான் விடை சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லாத விடையைத்தான் இங்கு எழுதுகிறேன்.

குடியேறாத மாளிகை

கெல்லி மாளிகையின் கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி சுமித் என்னும் தோட்ட முதலாளி, 1915ஆம் ஆண்டில் அதைக் கட்டத் தொடங்கினார். தென்னிந்தியத் தொழிலாளர்கள் அதற்கு உழைத்தார்கள். நோய் பரவித் தொழிலாளர்கள் பலர் மாண்டபோது, அவர்கள் கேட்டுக்கொண்டதால் அருகில் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. கோயிலின் மேற்கூரைச் சிற்பங்களுக்கிடையே துரையின் உருவத்தையும் வைத்தார்கள். 1926இல் கெல்லி சுமித் லிசுபன் நகரில் இறந்தார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுபோனது.

எந்தக் குடும்பமும் முழுமையாகக் குடியேறி வாழாத வீடு அது. அதற்குக் காவலர் உண்டு, நுழைவுச் சீட்டு உண்டு, விளக்கப் பலகை உண்டு. அதைக் கட்டியவர்கள் எந்தக் கூரையின் கீழ் உறங்கினார்கள், எங்கே சமைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காட்டுவதற்கு ஒரு வீடு இல்லை. கோயிலைக் காக்க நம் மக்கள் இருந்தார்கள். ஆகவே கோயில் இருக்கிறது. வீட்டைக் காக்க எவரும் இல்லை.

கெல்லி மாளிகையைக் காத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அதன் ஒவ்வொரு செங்கல்லிலும் நம்மவர் கைபட்டிருக்கிறது. கட்டியவனின் வீட்டையும் சேர்த்துக் காத்தால்தான் அவ்வரலாறு முழுமை பெறும் என்கிறேன்.

ஈப்போவின் கடைவீடுகள் கற்பிப்பவை

ஈப்போ பழைய நகரத்தையும் ஒரு பாடமாகவே பார்க்க வேண்டும். 1892ஆம் ஆண்டு பெருந்தீ அந்நகரின் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் நேர்நேரான தெருக்கள் வகுக்கப்பட்டு நகரம் மீண்டும் எழுந்தது. ஈயத்தால் வந்த செல்வம் அதற்குத் துணைநின்றது. ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்னும் கட்டடக்கலைஞர் வடிவமைத்த நகர மண்டபமும் இரயில் நிலையமும் 1916, 1917ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை.

ஆயினும், என் பார்வையில் அப்பெரிய கட்டடங்களைவிடக் கடைவீடுகளே நமக்குக் கூடுதலாகக் கற்பிக்கின்றன. முகப்பு குறுகியது, உள்நீளம் மிகுதி. அடுத்தடுத்த இரு வீடுகளுக்கு ஒரே பொதுச்சுவர். கீழே கடை, மேலே குடும்பம். நடுவில் வானம் பார்த்த முற்றம்; ஒளியும் காற்றும் மழையும் அவ்வழியாக வீட்டுக்குள் இறங்கும். தமிழர் வீட்டு முற்றத்தை அறிந்தவர்க்கு இது அயலாகத் தோன்றாது. முன்புறம் ஐந்தடி அகலத்தில் கூரையிட்ட நடைபாதை. சிங்கப்பூருக்கு இராபிள்சு 1822இல் வகுத்த நகரத் திட்டத்தில் இடம்பெற்ற இவ்வமைப்பு, பிறகு மலாயா நகரங்கள் எங்கும் பரவியது. மலாயில் 'காக்கி லீமா' என்பார்கள். நம் மக்கள் அதை 'அஞ்சடி' என்றார்கள். வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்த அஞ்சடி அது. இந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள். பின்னர் மீண்டும் வருகிறேன்.

பங்லிமா சந்துக்கும் சென்றோம். ஈயச் சுரங்கச் செல்வர்கள் தம் துணைவியரைக் குடியமர்த்திய சந்து என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள். பத்து வயதுப் பிள்ளைகளிடம் அக்கதையை விளக்க இயலாமல், 'பங்லிமா என்றால் படைத்தலைவர்' என்று கூறித் தப்பித்தேன். ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த அச்சந்தில் இன்று பனிக்கட்டி உருண்டையும் விளையாட்டுப் பொருளும் விற்கும் கடைகளே மிகுதி. சுவர் பிழைத்தது, அடுப்பு அணைந்தது. என்றாலும் அங்கே நின்று, 'இங்கு ஒரு குடும்பம் இருந்தது, இதுதான் அவர்களின் வாயில்' என்று சுட்டிக்காட்ட முடிகிறது. அவ்வளவுகூட நமக்கு மிஞ்சவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஒரே தீவில் இரண்டு நீதி

இக்குறை பேராவுக்கு மட்டும் உரியதன்று. பினாங்கைப் பாருங்கள். 2008ஆம் ஆண்டு சூலை மாதம், ஜோர்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெசுகோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. ஜோர்ஜ்டவுனின் மையப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டர். அதற்குள் குவீன் தெருவின் மகாமாரியம்மன் கோயில் உண்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் உண்டு, பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் உண்டு. தமிழரின் தடம் அங்கே ஆழமாகவே பதிந்திருக்கிறது. மகிழ்ச்சிதான்.

ஆனால் அந்நகரத்தை அவ்வளவு காலம் இடிபடாமல் காத்தது எது? 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை அது ஏறவிடாமல் தடுத்ததால், தச்சரும் பூக்கட்டுபவரும் சிறுகடைக்காரரும் நகர நடுவிலேயே வாழ முடிந்தது. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அச்சட்டம் முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, குடும்பங்கள் வெளியேறின. பட்டியலில் இடம்பிடிப்பதற்கு முன்பே நகரம் தன் மக்களை இழக்கத் தொடங்கிவிட்டது. கட்டடத்துக்குப் பாதுகாப்பு உண்டு, குடியிருப்பவனுக்கு இல்லை என்றால், மிஞ்சுவது வீட்டின் தோல் மட்டுமே.

அதே தீவில் கம்போங் புவா பாலா இருந்தது. மாடு வளர்த்துப் பால் கறந்து பிழைத்த தமிழரின் சிற்றூர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் என்று அம்மக்கள் நீதிமன்றப் படியேறினார்கள், தோற்றார்கள். 2009ஆம் ஆண்டு செப்டம்பரில் இடிப்பு முடிந்தது. ஜோர்ஜ்டவுன் உலக மரபுடைமையாகிப் பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன. நில உரிமை வழக்கு வேறு, மரபுடைமை வேறு என்று சட்டம் அறிந்தோர் சொல்வார்கள். இருக்கட்டும். நகரத்துக் கடைவீட்டைக் காக்கும் வழியைத் தேடிக் கண்டுபிடித்த அறிவு, மாட்டுக்கொட்டிலோடு கூடிய வீட்டைக் காக்கும் வழியை ஏன் தேடவில்லை? இதுதான் என் கேள்வி.

லயத்துக்கும் கட்டடக்கலை உண்டு

இனி நம் லயத்துக்கு வருவோம். "லயத்தில் என்ன கட்டடக்கலை?" என்று சிலர் சிரிக்கக்கூடும். சொல்கிறேன், கேளுங்கள்.

தோட்டம் முழுவதையும் ஒரு படமாக வரைந்து பாருங்கள். மேட்டில் துரையின் பங்களா. சற்றுக் கீழே கிராணிமார் வீடுகள். அதற்கும் கீழே லயம். பிரட்டுக்களம், ஸ்டோர், ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, கோயில், பள்ளிக்கூடம் ஆகியவை நடுவே. யார் யாரைக் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும், யார் யாரை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதை நிலத்தின் உயரமே சொல்லிவிடும். குடியேற்ற ஆட்சி எவ்வாறு நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடநூல் வேண்டுமா?

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகள். தகரக் கூரை, பலகைச் சுவர். பழைய லயங்கள் பல, கால்கள்மீது தரையினின்று உயர்த்திக் கட்டப்பட்டவை. முதுகோடு முதுகு ஒட்டிய அறைகளும் இருந்தன. இரு வீட்டுக்கும் இடையிலுள்ள பலகை பலவிடத்தும் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் அடுத்த வீட்டில் சுக்கு தட்டுவார்கள்; ஒரு வீட்டில் அடி விழுந்தால் லயமே விழித்துக்கொள்ளும். ஒட்டுறவும் மூச்சுமுட்டலும் ஒரே பலகையின் இரு பக்கங்கள்.

வீட்டுக்கு முன்னால் ஓர் ஒடுங்கிய திண்ணை. அதற்கு நம் மக்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? அதுவும் அஞ்சடிதான்! நகரத்துக் கடைவீட்டின் நடைபாதைப் பெயரைத் தோட்டத்து மக்கள் தங்கள் வாசலுக்கும் சூட்டிக்கொண்டார்கள். அங்குதான் முருங்கைக்கீரை ஆய்ந்தார்கள், அங்குதான் பிள்ளைக்குப் பேன் பார்த்தார்கள், திருமணம் பேசினார்கள், பிணத்தைக் கிடத்தி அழுதார்கள். ஈப்போவின் அஞ்சடி மரபுடைமை என்றால், லயத்தின் அஞ்சடி வேறு என்ன?

சட்டங்களின் வரலாறும் அச்சுவர்களில் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டையொட்டி முடிவுக்கு வந்தபின், கங்காணி முறையில் ஆள்கள் வந்தார்கள். குடும்பமாக வந்தவர்களுக்குக் குடும்ப அறைகள் வேண்டியிருந்தன. மலேரியாவால் மாண்டவர்களின் எண்ணிக்கை பெருகிய பின்னரே வடிகால், குடிநீர், கழிவிடம் பற்றிய விதிகள் இறுகின. 1966இல் தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரம் பற்றிய சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. அறையின் அளவு, சன்னலின் எண்ணிக்கை, குழாயின் தொலைவு ஆகியவற்றைப் பார்த்தே ஒரு லயத்தின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். கல்வெட்டைப் படிப்பது போன்ற வேலைதான் இதுவும்.

முதல் குற்றவாளி நானே

இவ்வளவும் பேசுகிற நான் என்ன செய்தேன்?

தாப்பாவுக்கு அண்மையிலுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்தில் பிறந்தவன் நான். அம்மா பால்வெட்டினார், அப்பா வெளிக்காட்டு வேலை. இடைநிலைப்பள்ளிக்குப் பட்டணம் வந்தபோது, வகுப்பு நண்பர்கள் "வீடு எங்கே?" என்று கேட்டால், "தாப்பாவில்" என்று மட்டும் சொல்வேன். தோட்டத்தின் பெயர் என் வாயில் வராது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் அப்படியே. ஒருமுறை நண்பன் ஒருவன் வீட்டுக்கு வருகிறேன் என்றபோது, அம்மாவுக்கு உடல்நலமில்லை என்று பொய் சொன்னேன். அம்மா அன்று நலமாகவே இருந்தார்.

2007ஆம் ஆண்டு எங்கள் லயம் இடிக்கப்பட்டது. ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். அம்மாவை அதற்கு முன்பே பட்டணத்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி தெரிந்தும் நான் போகவில்லை. என்னிடம் அப்போது படக்கருவி இருந்தது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. 'ஒழிந்தது சனியன்' என்றே நினைத்தேன்.

நம் நாட்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தேசிய மரபுடைமையாக அறிவிக்கக் கோரி எவரும் ஒன்றைப் பரிந்துரைக்கலாம் என்று அச்சட்டம் இடம் தருகிறது. அதாவது, எங்கள் லயம் இடிபட்டபோது சட்டம் இருந்தது; கருவி இருந்தது; எழுதப் படிக்கத் தெரிந்த மகன் ஒருவனும் இருந்தான். நாணம் ஒன்றுதான் குறுக்கே நின்றது.

அம்மா இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், "நம்ம வீட்டு அஞ்சடியில ஒரு பலகை ஆடுமே, அதுல கால் வச்சா நீ வந்துட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார். அந்தப் பலகையை இன்று நான் எந்த அருங்காட்சியகத்தில் போய்த் தேடுவேன்?

மறுப்போருக்கு மறுமொழி

'லயம் அடிமைத்தனத்தின் சின்னம். அழிந்தால் நல்லது' என்பது முதல் மறுப்பு. மொரீசியசுத் தீவில் ஆப்பிரவாசி காட் என்னும் இடம் உண்டு. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோர் கப்பலிலிருந்து இறங்கிய களம். 2006ஆம் ஆண்டு அது உலக மரபுடைமையானது. அங்கே இறங்கியவர்களின் பெயரர்கள் அதை மறைக்கவில்லை. உலகத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பு 2001 முதல் அதே பட்டியலில் இருக்கிறது. துன்பத்தின் தடயத்தை அழித்தால் துன்பம் செய்தவனுக்கே நன்மை. பட்டவனுக்கு என்ன நன்மை?

'தோட்டம் நிறுவனத்தின் சொத்து. நாம் என்ன செய்ய முடியும்' என்பது இரண்டாவது. ஈப்போவின் கடைவீடுகளிலும் பெரும்பாலானவை தனியார் சொத்தே. உரிமையாளரிடம் பேசினார்கள், நகராண்மையிடம் பேசினார்கள், எழுதினார்கள், படம் பிடித்தார்கள். நாம் இதுவரை கேட்டே பார்க்கவில்லை. கேட்காத ஒன்றை மறுத்தார்கள் என்று எவர்மீதும் பழி போட முடியாது.

'அந்த ஓட்டை வீட்டில் நீயே போய்க் குடியிருப்பாயா' என்பது மூன்றாவது. மாட்டேன், எவரும் குடியிருக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். இன்னும் அத்தகைய வீடுகளில் வாழ்வோருக்கு நல்ல வீடு கிடைக்க வேண்டும் என்பதே முதற்கடமை. அவர்கள் சொந்த வீட்டுக்குக் குடிபெயர்ந்த பின்னர், காலியான லயங்களில் ஒன்றையாவது, ஒரே ஒரு வரிசையையாவது, பேராவில் நிறுத்தி வைக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் பெயரில் இன்றும் 'லாடாங்' என்னும் சொல் ஒட்டியிருக்கிறது. தோட்டம் போய்விட்டது, லயம் போய்விட்டது, பள்ளியும் சில இடங்களில் பட்டணத்துக்கு மாறிவிட்டது. பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டம் இருக்கிறது. அந்தச் சொல் இழிவாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று பெற்றோர் சிலர் என்னிடமே வாதிட்டிருக்கிறார்கள். அன்பான பெற்றோரே! நமக்கு மிஞ்சியிருக்கும் கடைசிச் சுவர் அந்தச் சொல்தான். அதையுமா இடிக்க வேண்டும்?

இனி என்ன செய்யலாம்?

வெறுமனே புலம்பிக் கலைவதில் பயனில்லை. அடுத்த பள்ளித் தவணையிலேயே செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

1. நம் வட்டாரத்தில் இன்னும் நிற்கும் லயம் ஏதேனும் இருந்தால், தோட்ட நிருவாகத்திடம் முறையாக இசைவு பெற்று மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். அளவுநாடாவால் அறையை, அஞ்சடியை, சன்னலை அளக்கச் சொல்லுங்கள். கட்டத்தாளில் வரையச் சொல்லுங்கள். கணிதமும் வரலாறும் மொழியும் ஒரே நாளில் கற்றாகிவிடும்.

2. லயம் எதுவும் மிஞ்சாத இடத்தில், தாத்தா பாட்டியை அமர்த்தி, அவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் வீட்டின் படத்தை வரையட்டும். அடுப்பு எந்தப் பக்கம்? சாமிப்படம் எங்கே? குழாய்க்கு எத்தனை அடி நடந்தீர்கள்? இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

3. பிரட்டு, கிராணி, மங்கு, அஞ்சடி, ஆயாக் கொட்டகை... இச்சொற்களைத் தொகுத்துப் பொருளெழுதிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். தூய தமிழை விரும்புகிறவன்தான் நானும். ஆயினும் இவை நம் முன்னோர் வியர்வையில் பிறந்த சொற்கள். களைந்தெறிய எனக்கு மனம் வரவில்லை.

4. பழைய படங்களைத் திரட்டி, இடமும் ஆண்டும் குறித்துப் படியெடுத்து வையுங்கள்.

5. இவ்வளவும் சேர்ந்தபின், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசிய மரபுடைமைத் துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதட்டும். அளவுகளும் படங்களும் சான்றுகளும் கொண்ட விண்ணப்பத்தை எளிதில் ஒதுக்க இயலாது.

நம் வாசலிலேயே ஒரு பாடம் உண்டு. தாப்பா ரோட்டிலிருந்து அன்றைய தெலுக் அன்சனுக்கு 1893ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இருப்புப்பாதையில் இன்று இரயில் ஓடுவதில்லை. அந்த வண்டிச் சத்தம் கேட்டு வளர்ந்த முதியோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்டு எழுதியது எத்தனை பக்கம்?

அந்த மாணவிக்கு விடை சொல்லியாக வேண்டும். அடுத்த வாரம் அவளுடைய பாட்டியைப் பள்ளிக்கு அழைத்திருக்கிறேன். கட்டத்தாளும் பென்சிலும் தயாராக உள்ளன. பணித்தாளின் முதல் வினாவையும் மாற்றிவிட்டேன். 'உன் குடும்பத்தார் வாழ்ந்த பழைய வீட்டை வரைந்து, அதன் பகுதிகளைப் பெயரிடுக' என்பதே புதிய வினா.

உங்கள் பள்ளியிலும் இதைச் செய்தால் எனக்கு எழுதுங்கள். செய்யக் கூடாது என்று கருதினால் அதையும் எழுதுங்கள்; வாதிடுவோம். வாளாவிருப்பது மட்டும் வேண்டாம். என் வாளாவிருப்புக்கு ஒரு வீடு விலையாகிப் போனது.

அன்புடன்,
தாப்பாவிலிருந்து ஒரு தமிழாசிரியன்